பப்பா மரத்துக்கு நேரா

வைகாசி மாதத்தில் வன்னியில் மழை பெய்யாது. பெய்தால் பேப்பரில் வரும். ஆகவே விடிய ஐந்து மணிக்கு மனுசி என்னைத் தட்டி, "இஞ்சாருங்கோ, மழை போல கிடக்கு, கொடியில உடுப்பு" என்றபோது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கொடியில் கிடந்ததெல்லாம் ரொறன்ரோவில் இருந்து வந்து நின்ற அவளுடைய தம்பி குடும்பத்தின் உடுப்பு. நனைந்தால் அவர்களுக்கும் ஊர் ஞாபகமாக இருக்கட்டும் என்று மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன். திரும்பும்போது கை கட்டிலுக்குக் கீழே தொங்கியது. விரல் தண்ணீரில் பட்டது.

மழை வீட்டுக்குள்தான் பெய்துகொண்டிருந்தது.

கனகபுரத்தில் உள்ள எங்கள் வீடு, மீள்குடியேறிய காலத்தில் இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாயில் கட்டத் தொடங்கியது. தொடங்கியது என்றுதான் சொல்லலாம். முடிந்தது மனுசியின் சங்கிலியில். அறைக்குள்ளே இருக்கிற பாத்ரூம் பிறகு வந்தது. "வெளிநாட்டில இருந்து ஆக்கள் வந்தா என்ன செய்யிறது?" என்ற ஒரே கேள்வியின் மேல் கட்டப்பட்ட கட்டடம் அது. ரைல்ஸ், கொமட், பூச்சொரிவது போலத் தண்ணீர் சொரியும் சவர் எல்லாம் உண்டு. வருடத்தில் பதினொரு மாதம் அதைப் பூட்டி வைப்போம். ஒரு மாதம் கனடா குளிக்கும்.

அந்தக் கொமட்டுக்குப் பின்னால், சுவரில் இருந்து தண்ணீர் எடுக்கிற சின்ன வால்வு முதல் நாள் சொட்டிக்கொண்டிருந்தது. நான் தமிழ் படிப்பித்தவன் என்றாலும் கணக்கும் கொஞ்சம் வரும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. நாலு சொட்டு ஒரு மில்லிலீற்றர் என்று பிடித்தாலும் இருபது லீற்றரைத் தாண்டும். ஒரு பெரிய வாளி! பொறுக்க முடியவில்லை. பைப் குறட்டை எடுத்து ஒரு முறுக்கு முறுக்கினேன். சொட்டு நின்றது. இன்னும் ஒரு அரை முறுக்கு, நிம்மதிக்காக, முறுக்கினேன். பிளாஸ்டிக் திருகாணி விஷயத்தில் அந்த நிம்மதி அரை முறுக்குத்தான் ஆளைக் கொல்லும் என்பது பிறகு தெரிந்தது. எல்போ இராத்திரி முழுக்கக் கீறிக்கொண்டு கிடந்து, விடியப்புறம் விட்டுவிட்டது.

ஓடிப்போய்ப் பெருவிரலால் அடைத்தேன். பதினைந்து அடி உயரத்தில் இருக்கிற டாங்கியின் தண்ணீர், அரை இஞ்சிப் பைப்பின் வாயில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தள்ளும் என்று எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞான வாத்தியார் பின்னர் தாளில் போட்டுக் காட்டினார். தாளை என் பெருவிரலுக்கும் காட்டினேன். அது நம்பவில்லை. விரலை வைத்த இடத்தில் தண்ணீர் நின்றது. ஆனால் விரலைச் சுற்றி விசிறிபோலப் பிரிந்து கண்ணாடி, கூரை, மச்சான் கனடாவில் இருந்து கொண்டுவந்த மெத்தென்ற ரொயிலற் பேப்பர் என்று எல்லாவற்றையும் தேடித்தேடி அடித்தது.

"கரண்டை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். தண்ணீர் விறாந்தை வழியாக, போன்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பிளக் பலகையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல் தண்ணீரில் விளக்கெரியும். மச்சான் குடும்பம் வந்ததே அந்தப் பொங்கலுக்குத்தான். நல்ல தண்ணீரில் கரண்ட் எரிகிற அற்புதம் எங்கள் வீட்டிலும் நடக்க வேண்டாம் என்று மனுசி ஓடிப்போய் மெயினை இறக்கினாள். அந்த விடியற்காலையில் நடந்த ஒரேயொரு புத்தியான காரியம் அதுதான். அதைச் செய்தது நானில்லை.

இருட்டில் மாமி வந்தா. எழுபத்தெட்டு வயது. செட்டிகுளத்து முகாமில் பவுசர் வரிசையில், தான் நிற்க முடியாத நேரம் தன் கானை நிற்க வைத்து, கானுக்கு முன்னால் புகுந்தவளோடு சண்டைபிடித்து வென்ற மனுசி. பாத்ரூம் வாசலில் நின்று நிலைமையைப் பார்த்தா. நான் அடைக்கச் சொல்லுவா என்று நினைத்தேன்.

"தம்பி, விரலைக் கொஞ்சம் எடுங்கோ. பானையை வைக்கிறன்."

தண்ணீரை நிப்பாட்டுகிற யோசனை மாமிக்கு வரவேயில்லை. தானாக வருகிற தண்ணீரை எந்த முட்டாள் நிப்பாட்டுவான்? பானை, குண்டான், இடியப்பம் அவிக்கிற சட்டி, பேரப்பிள்ளைகளின் கடற்கரை வாளி எல்லாம் வந்தன. கனடாப் பிள்ளைகள் இரண்டும் எழும்பி வரிசையில் நின்று கைமாற்றின. அவர்களுக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த நிகழ்ச்சி இதுதான் என்று பின்னர் அறிந்தேன். வற்றாப்பளை இரண்டாவது.

ஆயிரம் லீற்றர் டாங்கி. ஆயிரம் கிலோ. தலைக்கு மேல் ஒரு தொன் பாரத்தை வைத்துக்கொண்டு கீழே படுத்துறங்குகிறோம் என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். எங்கள் ஊரில் முந்தி டாங்கி என்றால் வேறு பொருள். அது வருகிறதென்றால் பங்கருக்குள் போவோம். இது வந்தால் போக இடமில்லை.

"அத்தான், கேற் வால்வைப் பூட்டுங்கோவன்" என்றான் மச்சான், அரைத் தூக்கத்தில். கனடாவில் வீட்டுக்கு வீடு நிலவறையில், எல்லாருக்கும் தெரிந்த இடத்தில், கைபிடியோடு இருக்குமாம்.

எங்கள் வீட்டிலும் இருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

அது தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர். பைப் தாட்ட மேசன். அவர் இப்போது கட்டாரில். விடிய ஐந்தே கால் என்றால் அங்கே பின்னிரவு இரண்டே முக்கால். வட்ஸ்அப்பில் அடித்தேன். எடுத்தார். இரவு வேலையாம். பின்னால் பெரிய வெளிச்சங்களும் கிரேனும் தெரிந்தன. நான் ஒரு கையால் போனும் மறுகைப் பெருவிரலால் பைப்புமாக நின்றேன்.

"சேர்! என்ன சேர் இந்த நேரம்? குளிக்கிறியளோ?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அது சேர், சிம்பிள். கிணத்தடியில நிண்டு வீட்டைப் பாருங்கோ. பப்பா மரம் இருக்கெல்லோ? பப்பா மரத்துக்கு நேரா நாலு அடி. ஒரு சிலப் போட்டு மூடியிருக்கு. அதுக்குக் கீழ."

"தம்பி, பப்பா மரம் 2018 வெள்ளத்தோட போட்டுது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கிரேன் சத்தம் மட்டும் கேட்டது. "போட்டுதோ? நல்ல இனம் சேர் அது."

2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிறைந்து கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவில் நிறையப் பேருக்கு வீடும் மாடும் வயலும் போயின. அதற்குள் என் பப்பா மரத்தைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றுவரை ஒருவரிடமும் நட்டஈடு கேட்கவில்லை. என்றாலும், எங்கள் வீட்டு நீர்விநியோகத்தின் ஒரே ஒரு வரைபடம் அந்த மரம்தான் என்று அப்போது தெரிந்திருந்தால் முட்டுக்கொடுத்தாவது வைத்திருப்பேன்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆத்திரம் உண்டு, சொல்லிவிடுகிறேன். 2010இல் நாங்கள் காணிக்குத் திரும்பி வரும் முன்னர், நிலத்துக்குக் கீழே என்ன கிடக்கிறதென்று ஆட்கள் தேடினார்கள். ஹலோ ட்ரஸ்ட், டாஷ் என்று நிறுவனங்கள் வந்தன. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளே முகக் கவசத்தோடு முழங்காலில் இருந்து, சாண் சாணாக மண்ணைச் சுரண்டினார்கள். ஒரு துண்டு இரும்பு கத்தினாலும் வேலை நிற்கும். சிவப்புத் தடி, மண்டையோட்டுப் பலகை, அளவு, படம், கையெழுத்து. அவ்வளவு கவனமாகத் துப்புரவாக்கித் தந்த நிலத்தில் நாங்கள் என்ன செய்தோம்? உடனே ஒரு கான் வெட்டி, நூற்றைம்பது அடி எஸ்லோன் பைப்பைத் தாட்டு, ஒரு குறிப்பும் வைக்காமல் மண்ணைப் போட்டு மிதித்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனோம். கண்ணிவெடி புதைத்தவன்கூடச் சில இடங்களில் படம் கீறி வைத்திருந்தான். நான் கீறவில்லை.

மச்சான் இதற்கிடையில் போனைத் தட்டிப் பார்த்து, "அத்தான், தண்ணிக்கு அவசர இலக்கம் 1939" என்றான். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கின ஆண்டு. கரண்டுக்கு 1987. அது எங்களுக்குச் சொல்லத் தேவையில்லாத ஆண்டு. இந்த இலக்கங்களைத் தெரிவு செய்தவர் ஒரு சரித்திர வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் 1939 நீர் வழங்கல் சபையின் இலக்கம். அவர்களுடைய பைப் உடைந்தால் அவர்கள் வருவார்கள். எங்களுடையது சொந்தக் கிணறு, சொந்த மோட்டர், சொந்த மடைத்தனம்.

சபையின் தாங்கியைப் பற்றியும் நாங்கள் அதிகம் வாய் திறப்பதில்லை. கிளிநொச்சி ரவுணில் ஏ9 வீதியோரம் நின்ற பெரிய தண்ணீர்த் தாங்கி, சண்டை ஊரைக் கடந்துபோன அந்த 2008 – 2009 மார்கழி, தைக்குள் அடியோடு சரிந்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்காக அப்படியே மல்லாந்து கிடந்தது. தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்து அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். பக்கத்தில் ஞாபகப் பொருள் விற்கிற கடையும் இருந்தது. ஒரு ஊரின் தண்ணீர் வேலை பழுதானதைப் பார்க்க ஆட்கள் பஸ் ஏறி வந்தது உலகத்தில் வேறு எங்கேயும் நடந்ததா தெரியாது. என் பாத்ரூமுக்கு அந்தளவு கூட்டம் வரவில்லை. பக்கத்து வளவு அண்ணை மட்டும் வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன வாத்தியார், கிணறு வெட்டுறியளோ?" என்றார்.

உண்மையில் வெட்டிக்கொண்டுதான் இருந்தேன். விரல் பொறுப்பை மச்சானிடம் கொடுத்துவிட்டு, அலவாங்கோடு கிணற்றடிக்குப் போய், மனசில் ஒரு பப்பா மரத்தை நட்டு, அதற்கு நேராக நாலு அடி அளந்து கிண்டினேன். மண். இன்னும் கொஞ்சம் தள்ளிக் கிண்டினேன். ஒரு சிரட்டை. மூன்றாவது கிடங்கில் வெள்ளைப் பைப் தெரிந்தது. சந்தோசத்தில் அலவாங்கு கொஞ்சம் அழுத்தி இறங்கிவிட்டது. அது மோட்டரில் இருந்து டாங்கிக்குத் தண்ணீர் ஏறுகிற பைப். இப்போது எங்களுக்கு இரண்டு உடைவு.

மாமி கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லில் இருந்து பற்பொடியால் பல் தீட்டிக்கொண்டே இதைப் பார்த்தா.

"எங்கட காலத்தில பைப் உடைஞ்சதே இல்லை" என்றா. பைப்பே இல்லையே மாமி என்று நான் சொல்லவில்லை. "கயிறுதான் அறும். வாளி உள்ளுக்க போயிடும். போனா என்ன? பாதாளக் கரண்டி இருக்கு."

பாதாளக் கரண்டி! அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருடம். இரும்பு வளையத்தில் பத்துப் பதினைந்து கொளுக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி அடியில் இழுத்தால் வாளியின் கைபிடி மாட்டும். வாளிக்குப் போட்டால் அயல்வீட்டுச் செம்பும் வரும். முன்னொருநாள் காணாமல் போய், அதற்காக இரண்டு குடும்பங்கள் கதையாமல் இருந்த செம்பு. ஒழுங்கைக்கு ஒன்றுதான் இருக்கும். வைத்திருந்த வீட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு. இரவல் கேட்கப் போகும்போது பகையை ஒதுக்கிவிட்டுத்தான் போகவேண்டும். அதைத் திருத்த ஆள் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வாளி எங்கே கிடக்கிறதென்று கிணற்றை எட்டிப் பார்த்தால் தெரியும். அந்தக் காலத்துப் பழுதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பழுது. இப்போது சுவருக்குள், நிலத்துக்குள், கூரைக்கு மேல். மாமி சொல்ல வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். வாயில் பற்பொடி இருந்ததால் முழுக்க விளங்கவில்லை.

ஏழு மணிக்கு பிளம்பர் வந்தான். என்னிடம் படித்த பிள்ளை. தமிழில் சாதாரண சித்தி. மோட்டார் சைக்கிளை நிப்பாட்டி, மூன்று கிடங்கையும் பார்த்தான், என்னைப் பார்த்தான். முப்பது வருடம் நான் பிள்ளைகளைப் பார்த்த பார்வை அது.

"சேர், கேற் வால்வு எங்க?"

"அதைத்தான் தேடுறன்."

"மோட்டர்ப் பைப் எங்கால ஏறுது? டாங்கியால வாறது எங்கால இறங்குது? வெளிப் பைப்புக்கு எங்க பிரியுது?"

ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. இருபது வருடத்துக்கு முந்தி இவனிடம் வேற்றுமை உருபு கேட்டு, தெரியாமல் நின்றபோது வெளியில் விட்டிருக்கிறேன். இவன் என்னை வெளியில் விடவில்லை. ஏற்கனவே வெளியில்தான் நின்றேன்.

அவன் சுவரோரமாக நடந்து, குந்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு மாமியிடம் போய், "அம்மம்மா, ஒருக்கா எழும்புறியளே" என்றான். மாமி எழும்பினா. கல்லைப் புரட்டினான். கீழே சிலப். சிலப்புக்குக் கீழே, பாசி பிடித்து, ஒரு தவளையின் காவலில், கேற் வால்வு. பப்பா போன பிறகு வெயில் அடிக்கிறதென்று தோய்க்கிற கல்லை நிழல் பார்த்து அங்கே நகர்த்தினது நானும் மாமியும்தான்.

வால்வைப் பூட்டினான். பத்து வருடம் அசையாத வால்வு முழுதாகப் பூட்டவில்லை. சுவர்ப் பைப்பில் ஒரு நூல்போலத் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. எஸ்லோன் கம் ஈரத்தில் பிடிக்காது. உலர்ந்த பைப்பில் பூசி, கொஞ்சம் திருப்பித் தள்ளி, அப்படியே பிடிக்க வேண்டும். நான் அரை மணித்தியாலம் துடைத்துப் பார்க்கலாம் என்றேன். அவன் குசினிப் பக்கம் திரும்பி, "அம்மம்மா, பாண் இருக்கோ?" என்றான்.

மாமிக்கு முகம் மலர்ந்தது. பிள்ளை விடிய வெறும் வயிற்றோடு வந்திருக்கிறான். ஐந்து நிமிடத்தில் பாண், இடிச்ச சம்பல், ஒரு வாழைப்பழம், தேத்தண்ணி எல்லாம் தட்டத்தில் வந்தன. அவன் சம்பலையும் பழத்தையும் சாப்பிட்டான். தேத்தண்ணியைக் குடித்தான். பாணின் கரையைப் பிய்த்துக் கோழிக்குப் போட்டான். நடு வெள்ளையை உருட்டிப் பைப்புக்குள் திணித்தான்.

மாமி என்னைப் பார்த்தா. நான் கூரையைப் பார்த்தேன்.

"பாண் வடியிற தண்ணியைக் கொஞ்ச நேரம் குடிச்சுக்கொண்டு நிக்கும், அம்மம்மா. அதுக்குள்ள ஒட்டிப்போடலாம். பிறகு தண்ணி விட்டாக் கரைஞ்சு போயிடும். கரை போடக்கூடாது, கரைதான் அடைக்கும்." தண்ணீர் நின்றது. துடைத்தான், கம் பூசினான், தள்ளினான். உலகம் முழுக்கப் பழைய பிளம்பர்மாருக்குத் தெரிந்த கைவேலையாம். எனக்குப் பாணை அறுபது வருடமாகத் தெரியும். இந்த முகம் தெரியாது.

அலவாங்கு குத்தின பைப்புக்கு சைக்கிள் ரியூப். நீளமாகக் கீறி, நன்றாக இழுத்து இழுத்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றிக் கட்டினான். "இது பின்னேரம் வரைக்கும்தான் சேர், சாமான் வாங்கிக்கொண்டு வாறன்." அந்த வைத்தியம் எனக்கும் தெரியும். தொண்ணூறுகளில் சீமெந்தும் பற்றரியும் பெற்றோலும் வன்னிக்கு வர விடாத காலத்தில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினவர்கள், சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். அப்போது ரியூப்பால் கட்டாத பொருள் இல்லை. சாமான் தாராளமாக வந்தபோது அந்த மூளையை எங்கேயோ வைத்துவிட்டோம். அதற்கும் படம் கீறவில்லை.

புது வால்வுக்கு நூல் ரேப் சுற்றும்போது நான் உதவப் போனேன். அவன் என் கையைப் பிடித்தான். "சேர், திருகாணி பூட்டுற பக்கத்துக்குச் சுத்த வேணும். நீங்கள் சுத்திற பக்கம் சுத்தினா, பூட்டப் பூட்டக் கழண்டு வரும்." நான் இதுவரை சுற்றின ரேப் எல்லாம், வாழ்நாள் முழுக்க, எதிர்ப்பக்கம். வீட்டில் எந்தெந்தப் பைப் என் கைபட்டதென்று அவன் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் தானே கண்டுபிடித்தான்.

அவன் போகும் முன்னர் பாத்ரூமின் நிலத்துப் பொறியைக் காட்டி, "இதுக்க மணம் வாறேல்லையோ?" என்று கேட்டான். வரும். ஒவ்வொரு வருடமும் கனடா வருவதற்கு முதல் நாள் கதவைத் திறந்தால் குடல் புரட்டும். செத்த எலி என்று இரண்டு முறை கூரை கழற்றியிருக்கிறோம். எலி இல்லை. பொறியின் வளைவில் நிற்கிற கொஞ்சத் தண்ணீர்தான் குழிக் காற்றை மேலே வராமல் மறிக்கிறது. பதினொரு மாதம் பூட்டி வைத்தால் அது காய்ந்துவிடும், வாசல் திறந்துவிடும். கிழமைக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். இந்த வளைந்த பைப்புக்கு 1775இல் உரிமம் எடுத்தவர் அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். தொழில், மணிக்கூடு செய்வது. ஒரு மணிக்கூட்டுக்காரர் இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தியே தீர்த்துவைத்த விஷயத்துக்கு நான் ஓடு கழற்றியிருக்கிறேன்.

மோட்டரைப் போட்டோம். உறுமியதே தவிரத் தண்ணீர் ஏறவில்லை. குத்தின ஓட்டையால் தண்ணீரெல்லாம் வடிந்து காற்று பிடித்திருந்தது. கேத்தலால் தண்ணீர் ஊற்றி, மூடி, போட்டு, மறுபடி ஊற்றி, நாலாம் முறை எடுத்தது. ஊற்றின தண்ணீர் மாமி விடியப்புறம் பானையில் பிடித்து வைத்தது. அந்தப் பானையை மாமி என் முன்னால் கொண்டுவந்து வைத்த விதத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

"முதல்ல வெளிப் பைப்பைத் திறந்து விடுங்கோ சேர், பாண் போகட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளை போனான். நான் தலையாட்டினேன். பிறகு கிடங்கு மூடப் போய்விட்டேன்.

சவருக்குள் இருந்து சத்தம் கேட்டது. முதலில் பைப் இருமியது. பிறகு மச்சான் இருமினான்.

"அத்தான்! தண்ணியில பாண் வருது!"

மாமி விறாந்தையில் இருந்து பதில் சொன்னா: "கரை நீக்கித்தான் போட்டது, பயப்பிடாமல் குளி."

அன்று இரவே ஒற்றைறூள் கொப்பியில் படம் கீறினேன். கிணறு, மோட்டர், டாங்கி, அளவு, தூரம் எல்லாம். கேற் வால்வு இருக்கிற இடத்தில் 'மாமி இருக்கிற கல்' என்று எழுதி, மறந்துபோகாமல் மேசனுக்கும் படம் பிடித்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது. பின்னால் அதே கிரேன்.

"சேர், படம் வடிவாயிருக்கு. ஆனா கல்லை ஆரும் திரும்ப இழுத்துப்போடுவினம். நீங்கள் அதில ஒரு பப்பாக் கண்டை வையுங்கோ. முந்தினதின்ர இனம் எங்கட வீட்டு வேலியோட நிக்குது, அம்மாட்டக் கேட்டாத் தருவா."

போய்க் கேட்டேன். மூன்று கன்று தந்தா. எது எங்கே வைத்தேன் என்று கொப்பியில் எழுத வேண்டும். கொப்பியைத்தான் இப்போது காணவில்லை.